குழலின் குற்றமும் பிள்ளையின் காதும்

மழலைக்கு ஒப்புமை தேடிய வள்ளுவர் முதலிற் சொன்னது குழலைத்தான். ஆயின், ஆசையோடு புல்லாங்குழல் பயிலத் தொடங்கிச் சில மாதங்களிலேயே அதனைப் பரணில் போட்டுவிடும் பிள்ளைகளை நம் ஊர்களில் காண்பது அரிதன்று. காரணம் கேட்டால், "சுருதி சேரவில்லை, பிள்ளைக்குக் காது போதாது" என்பார்கள். பிள்ளையின் காதை ஐயுறுகின்ற நாம், அதன் கையிலுள்ள மூங்கிலை ஒருபோதும் ஐயுறுவதில்லை. இது பெரும் அநீதி என்பதே என் கருத்து.

வீணையில் சுருதி விலகினால் பிருடையை முறுக்கலாம். மிருதங்கத்தின் வாரை இறுக்கலாம். குழலுக்கு இந்த வசதி இல்லை. துளையிட்ட அன்றே அதன் சுருதி பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. துளை வாய்க்கு அண்மையில் அமைந்தால் சுரம் ஏறும், பெரிதானாலும் ஏறும். ஆகவே, தேர்ந்த கைவினைஞர் முதலில் துளையைச் சிறிதாகச் சுட்டு, ஊதிப் பார்த்துப் பார்த்துப் பெருப்பிப்பார். அளவு மீறிப் பெருத்த துளையைச் சரிசெய்வது கடினம். ஒரு மூங்கிலின் உள்விட்டமும் சுவர்த் தடிப்பும் மற்றொன்றினுடையதைப் போல இருப்பதில்லை. எனவே ஒரே அச்சளவை வைத்து நூறு குழல்களுக்குத் துளையிட்டால் அவற்றிற் பல பிசகும். திருவிழாக் கடைகளில் தொங்கும் மலிவான குழல்கள் பெரும்பாலும் அத்தகையவை. விளையாட்டுப் பொருளாக அவற்றை வாங்குவதில் தவறில்லை. அவற்றை வைத்து ஒரு பிள்ளையின் இசைத் தகுதியை அளப்பதுதான் தவறு.

குழலைச் சோதிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை. கர்நாடகக் குழலில் முதலிரு துளைகளை மூடி ஊதினால் ஷட்ஜம் பிறக்கும். அதே விரலமைப்பில் காற்றைக் கூர்மையாக்கினால் மேல் ஷட்ஜம் கேட்கும். சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, இவ்விரண்டும் பஞ்சமமும் அதனோடு இணைகின்றனவா என்று அறிந்தவர் ஒருவர் ஊதிப் பார்த்துச் சொன்னால் போதும். ஐந்து நிமிட வேலை. குழலில் எழுதியிருக்கும் கட்டைக் கணக்கை மட்டும் நம்பி வாங்குவது, கடிதத்தைப் படிக்காமல் உறையை மட்டும் படிப்பது போன்றதாகும்.

நல்ல குழலும் பேணாவிட்டால் கெடும். ஊதி முடித்ததும் உட்புறத்தை மெல்லிய துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். அவ்வப்போது சிறிது எண்ணெய் பூசினால் மூங்கில் வரண்டு வெடிப்பது குறையும். வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள் குழலை விட்டுச் செல்வது அதற்குச் செய்யும் பெருங்கொடுமை. மூங்கிலிலுள்ள மாச்சத்தை நாடி வரும் வண்டு, பொடிப்பொடியாக அதனை அரித்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. வெப்பத்தின் விளைவு இன்னொன்றும் உண்டு. குழலினுள் உள்ள காற்றின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால், சுருதி ஏறத்தாழ அரைச் சுரத்தின் மூன்றிலொரு பங்கு ஏறும். குளிரூட்டிய மண்டபத்துக்கும் நண்பகற் கோயில் வீதிக்கும் இடையே பிள்ளையின் சுருதி மாறுவது இதனாலேயே. அதற்காகப் பிள்ளையைக் கடிந்து பயனில்லை.

இனி உருப்படிகளைப் பற்றி ஒரு சொல். சரளி வரிசை முடியுமுன்னே திரைப்பாடல் ஒன்றை ஊதிக்காட்டுமாறு பெற்றோர் கேட்பதும், ஆசிரியர் இணங்குவதும் வழக்கமாகிவிட்டன. திரையிசை மீது எனக்குப் பகையில்லை. ஆனால், எந்த உருப்படியாயினும் முதலில் வாயால் பாடி, அதன் பின்பே குழலில் ஏற்ற வேண்டும். குழலுக்குச் சொல் இல்லை. சொல்லை அறிந்தவன் ஊதும்போதுதான் மூச்சை எங்கே நிறுத்துவது என்பது விளங்கும். சரப சாஸ்திரிகள் (1872–1904) குழலைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தினார். மாலி எனப்பட்ட டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) வாய்ப்பாட்டின் கமகங்களை அதில் ஒலிக்கச் செய்தார். டி. விசுவநாதனோ (1927–2002) கச்சேரியின் நடுவே குழலை இறக்கி வைத்துப் பாடவும் செய்வார். பாடிப் பழகிய பிள்ளைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: தன் காது சரியா, குழல் சரியா என்று அதற்கே தெரிந்துவிடும். தோடியின் காந்தாரத்தை வாயால் அசைத்தறிந்த மாணவி, அது குழலில் வராதபோது தன்னை நொந்துகொள்ள மாட்டாள். குழலைச் சோதிக்கச் சொல்லுவாள்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, கருவி செய்பவருக்கு நாம் அளிக்கும் இடம். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், குழல் செய்தற்குரியவை என மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றைக் கூறி, குழலின் நீளத்தையும் சுற்றளவையும் விரற்கணக்கில் தருகிறார். காரைதீவு தந்த விபுலானந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலில், வழக்கொழிந்த யாழின் அமைப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். கருவியின் உடலை அறிவது புலமைக்குக் குறைவு என்று அவர்கள் கருதவில்லை.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழக மட்டத்தில் இசை கற்பிக்கப்படுகின்றது. அங்கு குழல் பயிலும் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் ஒரு குழலேனும் செய்துபார்க்க வேண்டும் என்று விதித்தால் என்ன? முதற் குழல் பிசகும், மூன்றாவதும் பிசகலாம். ஆனால் அவ்வாறு பயின்றவர் நாளை ஆசிரியராகும்போது, அபசுரம் கேட்டவுடன் பிள்ளையைக் கடியுமுன் குழலைத் தம் உதட்டில் வைத்துப் பார்ப்பார்.

இது பெருஞ்செலவுக்குரிய திட்டமன்று. மூங்கிலும், சுட்ட கம்பியும், பொறுமையும் போதும். கல்விமான்கள் சிந்திப்பார்களாக. அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்குக் காதில்லை என்று தீர்ப்பெழுதுமுன், நல்ல குழலொன்றை ஒரு வார காலம் இரவல் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.