ஒலிபெருக்கிக்குப் பொருத்தம் பார்த்தல்

நேயர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒரு 'ஹோம் தியேட்டர்' இருந்து வருகிறதாம். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் தாழ்ந்த ஒலிகளுக்கென்று 'ஸப்வூபர்' என்னும் தடித்த பெட்டி ஒன்று. இவற்றில் முன்வரிசை நடு ஸ்பீக்கர் போன மாதம் வாயை மூடிக்கொண்டது. "கடையில் எத்தனையோ புதிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஏதாவது ஒன்றை வாங்கி அந்த இடத்தில் வைத்துவிடலாமா? அல்லது இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

பொருத்தம் பார்க்கத்தான் வேண்டும். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் என்றால் இதற்கு மூன்று நான்கு போதும். ஆனால், ஜாதகம் பொருந்தாமலே சௌக்கியமாக வாழ்கிற தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். பொருந்தாத ஸ்பீக்கரோடு சௌக்கியமாக வாழ்கிறவர்களை இதுவரையில் பார்த்ததில்லை. இந்த ஞானத்தை நான் புஸ்தகத்திலிருந்து பெறவில்லை. இருபத்திரண்டாயிரம் ரூபாய் ரொக்கம் கொடுத்துப் பெற்றேன்.

என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. கண்பார்வை மங்கிப் போய், படிப்பது நின்றுவிட்டது. மாலை வேளையில் கூடத்துக்கு வந்து படம் பார்ப்பதுதான் அவருக்கு மிஞ்சியிருக்கும் பொழுதுபோக்கு. பார்ப்பது என்பதைவிடக் கேட்பது என்று சொல்வதே சரி. ஜன்னலோரமாக ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. முப்பது வருஷமாக அதுதான் அவருடைய ஸ்தானம். அங்கே காற்று வரும். தெருவில் போகிறவர்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அந்த நாற்காலியை நகர்த்துவது பற்றி எங்கள் வீட்டில் யாரும் பிரஸ்தாபிப்பது கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நடு ஸ்பீக்கர் கரகரவென்று இரைய ஆரம்பித்தது. வில்லன் பேசினாலும் சரி, கதாநாயகி பேசினாலும் சரி, எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது. அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பௌதிகம் கற்பிக்கிறவன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கடைக்காரர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, அவருக்குத் தெரியாததையும் இரண்டு சொல்லிவிட்டு, நீளவாட்டில் படுத்திருக்கிற ஒரு பளபளப்பான ஸ்பீக்கரை வாங்கி வந்தேன். உள்ளே இரண்டு பெரிய கூம்புகள், அவற்றுக்கு நடுவே உலோகத்தால் ஆன சிறிய 'ட்வீட்டர்'. பழைய ஸ்பீக்கரைப் போல் இரண்டு பங்கு எடை. விலையோ நாலு பங்கு.

முதல் நாள் குழந்தைகள் பிரமாதம் என்றார்கள். நானும் நடு ஸோபாவில் சாய்ந்துகொண்டு, பிரமாதம்தான் என்று தீர்மானித்தேன். படம் முடிந்ததும் அம்மா கேட்டார்: "ஏண்டாப்பா, அந்தப் பிள்ளை நடந்து வரும்போது ஒரு குரலில் பேசுகிறான், வந்து நின்றதும் வேறு குரலில் பேசுகிறானே, இரட்டை வேஷமா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு, "தலையை வலிக்கிறது, நீங்கள் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கே படுக்கப் போக ஆரம்பித்தார். வயசாகிவிட்டது, காது மந்தமாகிறது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

மூன்றாவது வாரம் இன்னொரு சம்பவம். படம் உச்சக் கட்டத்தை அடைந்த சமயத்தில் சத்தம் முழுவதும் அடியோடு நின்றுவிட்டது. 'ரிஸீவர்' பெட்டியின் மேல் கையை வைத்தேன். தோசைக் கல்லைப் போல் சுட்டது. அதன் முதுகில் '6 முதல் 16 ஓம் வரை' என்று அச்சிட்டிருந்தது. புதிய ஸ்பீக்கரின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன்: 4 ஓம். வகுப்பில் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதுகிறவன், வீட்டில் அதை வாசிக்கத் தவறிவிட்டேன்! ஒரே மின்னழுத்தத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் இழுக்கிற மின்னோட்டத்தைப் போல் 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மடங்கு இழுக்கும். சத்தத்தை ஏற்ற ஏற்ற ரிஸீவர் சூடேறும். பிறகு தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வாயை அடைத்துக்கொள்ளும். ஆகையால், கடிதம் எழுதியவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ரிஸீவரில் குறித்திருப்பதைவிடக் குறைந்த ஓம் கூடாது. கூடுதலாயிருந்தால் ஆபத்தில்லை, சத்தம் சற்றுக் குறையும், அவ்வளவே.

'ஸென்ஸிட்டிவிட்டி' என்று இன்னொரு எண் உண்டு. ஒரு வாட் சக்தியில் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெஸிபெல் சத்தம் கேட்கும் என்பது அது. 3 டெஸிபெல் குறைந்த ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு சக்தி வேண்டும். கடைகளில் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். ஆனால், ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்க ரிஸீவரில் வசதி இருப்பதால், இந்தப் பொருத்தம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஏற்றி இறக்கிச் சரிசெய்ய முடியாதது நாதம். வீணையும் வயலினும் ஒரே சுருதியில் ஒரே ஸ்வரத்தை வாசித்தாலும், எது எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடுகிறது அல்லவா? அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல் ஸ்வரங்கள் எவை, எந்த அளவில் எழுகின்றன என்பதே இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம். நம் ஸி. வி. ராமன் 1920-ஆம் வருஷத்தில் 'நேச்சர்' பத்திரிகையில், சிவகாலி குமார் என்பவரோடு சேர்ந்து இந்திய மேளங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். சாதாரண மேளத்தின் மேல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் வெறும் சத்தமாயிருக்க, மிருதங்கத்தின் நடுவே கரணை பூசியிருப்பதனால் அதன் மேல் ஸ்வரங்கள் சுருதியோடு இசைந்து நிற்கின்றன என்று அதில் காட்டினார். தோலின் மேல் ஒரு கறுப்பு வட்டம் பூசினால் நாதமே மாறிவிடுகிறது என்றால், கூம்பின் அளவு, ட்வீட்டர் பட்டினாலானதா உலோகத்தினாலானதா, பெட்டியின் கனம் எவ்வளவு என்பவை எல்லாம் எப்படி மாற்றாமலிருக்கும்? இடது புறத்திலிருந்து நடுவுக்கு நடந்து வந்த பிள்ளையின் குரல் ஏன் மாறிற்று என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொரு வாத்தியத்துக்கு இடம் மாறியிருந்தான்.

இதைப் பரீட்சிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ரிஸீவர்களில் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்' என்று இரையச் செய்கிற ஏற்பாடு உண்டு. ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். இடது, நடு, வலது என்று அந்த மழை நகரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ஒரே கூரையின் மேல் பெய்கிறதா, அல்லது நடுவில் மட்டும் தகரக் கொட்டகையா என்று உடனே தெரிந்துவிடும்.

இந்தப் பரீட்சையை நடு ஸோபாவில் செய்தேன்; தகரம் கொஞ்சம் கேட்டது. பிறகு, ஏனோ தோன்றியது, அம்மாவின் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்து படம் பார்த்ததே இல்லை. ஒரு படத்தை ஓடவிட்டேன். 'ஸ'வும் 'ச'வும் ஊசியாகக் குத்தின; ஆனால் வார்த்தைகள் பாதிதான் பிடிபட்டன. என் காதுக்கு நாற்பத்தாறு வயதுதான்!

வீட்டிலிருந்த தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிய ஸ்பீக்கரின் இரண்டு கூம்புகளுக்கும் இடைவெளி 25 சென்டிமீட்டர். நேர் எதிரே உட்கார்ந்தவனுக்கு இரண்டின் ஒலியும் ஒன்றாக வந்து சேரும். 30 பாகை பக்கவாட்டில் உட்கார்ந்தால், ஒன்றைவிட மற்றொன்று பன்னிரண்டரை சென்டிமீட்டர் அதிகமாக நடந்து வர வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. ஆகவே 1400 ஹெர்ட்ஸ் அளவில் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேச்சு தெளிவாகக் கேட்பதற்கு மிகவும் வேண்டிய பிரதேசம் அது! எங்கள் அம்மாவின் நாற்காலி ஏறக்குறைய அந்த 30 பாகையில்தான் இருந்தது. படுத்த வாட்டில் செய்யப்படும் நடு ஸ்பீக்கர்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. டெலிவிஷனுக்குக் கீழே இடம் போதாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்களே தவிர, காதுக்காக அல்ல.

'நடு ஸ்பீக்கர் இல்லை' என்று ரிஸீவருக்குச் சொல்லிவிடுவது ஒரு யுக்தி. அப்போது நடுவின் பேச்சை இடதும் வலதும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். மத்தியில் உட்கார்ந்தவனுக்கு, வெறும் சுவரிலிருந்து குரல் வருவது போல அதிசயமாகவே இருக்கும். தனி ஆளாகப் படம் பார்க்கிற நேயர்கள், காசு செலவழிக்கும் முன்பு இதைச் செய்து பார்க்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். ஆனால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவருக்கு, குரல் முழுவதும் பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கருக்கே ஓடிப்போய்விடுகிறது. இதுவும் புதிய கண்டுபிடிப்பல்ல. 1933-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி, பிலடெல்பியாவில் வாசித்த வாத்தியக் கோஷ்டியின் சங்கீதத்தை, அமெரிக்கப் பெல் ஆராய்ச்சிசாலையார் கம்பி வழியாக வாஷிங்டன் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அப்போதே இரண்டு வழி போதாதென்று இடது, நடு, வலது என மூன்று வழி வைத்தார்கள். மூன்று இருந்தால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் நடு நடுவாகவே இருக்கும்.

கடைக்காரர் புதிய ஸ்பீக்கரைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். இடதும் வலதுமாயிருந்த எங்கள் பழைய ஜோடியைச் செய்வதையோ கம்பெனி நிறுத்திவிட்டது. ஒன்று செய்யத் தோன்றாமல் பரணிலிருந்து பழையதை இறக்கி, முகத் துணியை எடுத்துப் பார்த்தேன். கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சு வளையம் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. அவ்வளவுதான் அதற்கு வந்த வியாதி! நம்முடைய ஈரக் காற்றில் அந்த வகைப் பஞ்சு பத்துப் பதினைந்து வருஷத்தில் இற்றுப் போய்விடுகிறது; ரப்பர் வளையம் அதிக நாள் உழைக்கும். பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். "மத்த ரெண்டையும் கொண்டாங்க, ஸார். மூணும் ஒரே வயசுதானே? ஒண்ணுக்கு மட்டும் மாத்தினா குரல் ஒட்டாது" என்றார். அவர் ராமனைப் படித்தவரல்ல. மூன்றுக்கும் ஒரே மாதிரி ரப்பர் வளையம் ஒட்டிக் கொடுத்தார். கூலி ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

கம்பியைத் திரும்ப மாட்டும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். மூன்றிலும் நேர் முனையும் எதிர் முனையும் ஒரே மாதிரி அமைய வேண்டும். ஒன்று மாறினால் தாழ்ந்த ஒலிகள் மெலிந்து, சங்கீதம் நடுவில் ஓட்டை விழுந்தாற்போலிருக்கும். ரிஸீவரிலிருந்து கம்பியைக் கழற்றிக்கொண்டு, ஒன்றரை வோல்ட் டார்ச் செல் ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் கணநேரம் தொட்டால், கூம்பு முன்னால் வருகிறதா, பின்னால் போகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். மூன்றும் ஒரே பக்கம் அசைய வேண்டும். எங்களுடையதில் ஒன்று எதிர்ப்பக்கம் அசைந்தது, மாற்றினேன்.

இனி நேயரின் கேள்விக்கு வருகிறேன். முதலில் உங்கள் பழைய நடு ஸ்பீக்கரின் முகத் துணியை எடுத்துப் பாருங்கள். ரிப்பேருக்கு இடமில்லாமல் போய்விட்டதென்றால், ஜோடியின் கம்பெனி அதே வரிசையில் செய்த நடு ஸ்பீக்கர் கிடைக்கிறதா என்று பாருங்கள், உபயோகித்ததாயிருந்தாலும் பாதகமில்லை. அதுவும் இல்லையென்றால், முன்வரிசை மூன்றையும் ஒரே குடும்பமாகப் புதிதாக வாங்கி, பழைய ஜோடியைப் பின்னுக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் ஒலிப்பது பெரும்பாலும் மழையும் காற்றும் கூட்டத்தின் இரைச்சலுமாகையால், அங்கே நாதப் பொருத்தம் அவ்வளவு கண்டிப்பாக வேண்டியதில்லை. ஸப்வூபர் எந்தக் கம்பெனியாயிருந்தாலும் சரி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறதென்றே காது கண்டுபிடிப்பது கடினம். ஆனால், எல்லாம் ஒரே பெட்டியில் வந்த ஸெட்டாயிருந்தால் கணக்கு வேறு. அவற்றின் ஸ்பீக்கர்கள் பல 3 அல்லது 4 ஓம். தாழ்ந்த ஒலிகளை ஸெட்டே பிரித்து ஸப்வூபருக்கு அனுப்பிவிடுவதால், பெரிய ஸ்பீக்கரை வாங்கி மாட்டினாலும் அதற்கு வேலை இராது. கூடம் ஸிமென்டும் மொஸைக்குமாயிருந்தால், எதையும் வாங்குவதற்கு முன்பு ஒரு கனத்த ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள்.

மூன்று ஸ்பீக்கரும் திரும்பி வந்த அன்று இரவு, அம்மாவை ஒன்றும் சொல்லாமல் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அரைமணி நேரம் பேசாமல் கேட்டார். பிறகு, "இவன் அவளுக்கு அண்ணனா? அன்றைக்குப் பார்த்தபோது புருஷன் என்றல்லவா நினைத்தேன்!" என்றார். பதினொரு மணிக்குப் படம் முடிகிற வரையில் எழுந்திருக்கவில்லை.

இருபத்திரண்டாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் இப்போது பரணில் இருக்கிறது.