நாக்கில் வரைபடம், கையில் லேசர்

பல் டாக்டர் நாக்கையும் பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறை இல்லை. பார்த்ததற்கெல்லாம் லேசர் வைக்கிறேன் என்று கிளம்புகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மைத்துனருக்கு 66 வயது. கும்பகோணத்தில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கட்டுப்பல் அளவு கொடுக்கப் போனார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த டாக்டர், "ஜியாக்ரஃபிக் டங்" என்றாராம். பெயரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்படியே விட்டால் பின்னாடி என்ன ஆகும்னு சொல்ல முடியாது சார், லேசர்ல எடுத்துடலாம். மூணு சிட்டிங், 18,000 ரூபாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். புற்றுநோய் என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் மைத்துனர் காதில் அதுதான் விழுந்தது. இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று.

விஷயம் இவ்வளவுதான். நம் நாக்கின் மேல் நுண்ணிய முளைகள் கம்பளம் மாதிரி பரவியிருக்கின்றன. சிலருக்கு அவை அங்கங்கே உதிர்ந்து, வழவழவென்று சிவப்புத் திட்டு தெரியும், ஓரத்தில் வெள்ளைக் கோடு கட்டும். பள்ளிக்கூட அட்லஸில் தீவுகளைப் பார்த்தது போலவே இருக்கும். சில நாளிலோ சில வாரத்திலோ அங்கே முளை வளர்ந்து மூடிக்கொள்ளும். வேறு பக்கம் புதுத் தீவு கிளம்பும். நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இது இருக்கிறது. தொற்றாது, புற்றாகவும் மாறாது. சிலருக்கு ஊறுகாயோ மிளகு ரசமோ பட்டால் எரியும். காரத்தைக் குறைத்தால் போதும். ரொம்ப எரிந்தால் தடவ மருந்து தருவார்கள். மற்றபடி வைத்தியமே வேண்டாம் என்பதுதான் பாடப்புத்தகம் சொல்வது.

இடம் மாறுகிற திட்டைச் சுட்டு என்ன பிரயோஜனம்? இன்றைக்கு வலப்பக்கம் சுட்டால் அடுத்த மாதம் இடப்பக்கம் வரும். இதில் கிளினிக்குக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. தானாக மறைந்தால் லேசரின் மகிமை, திரும்பி வந்தால் இன்னொரு சிட்டிங். (எங்கள் காலத்து மந்திரவாதிகளும் இதே கணக்கில்தான் பிழைத்தார்கள், ஒரு கோழியோடு விட்டுவிடுவார்கள்.)

லேசரே மோசம் என்று நான் சொல்லவில்லை. நாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் தசையை விடுவிக்கவும், பல் பட்டுப் பட்டு வளர்ந்த சிறு கட்டியை எடுக்கவும் அது நல்ல கருவி. ரத்தம் குறைவு, பல நேரம் தையலும் வேண்டாம். எடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக மட்டும் இல்லை. மைத்துனர் நாற்பது வருஷமாக வெற்றிலை சீவல் போடுகிறவர். அதைப் பற்றி அந்த டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கவும் இல்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இலேயே அச்சிட்டுச் சொல்லிவிட்டது. கொழுந்து வெற்றிலைக்குப் பேர் போன ஊரில் தொழில் செய்கிறவருக்கு இது முதல் பாடமாக இருக்க வேண்டாமா? பயப்பட வேண்டியது இடம் மாறாத திட்டுக்கு. வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கைக்குத் தட்டுப்படும் தடிப்பு, இவைதான் ஆபத்து. அப்படிப்பட்டதை முதலில் பயாப்ஸி செய்ய வேண்டும். யோசிக்காமல் லேசரால் பொசுக்கிவிட்டால் பரிசோதனைக்கு அனுப்பச் சதையே மிஞ்சாது.

வரைபட நாக்கு என்று யாராவது சொன்னால், வீட்டுக்கு வந்து தினம் காலையில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். திட்டு நகர்வது உங்களுக்கே தெரிந்துவிடும். நகரவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். நம் பக்கத்துக்குப் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சீவல் போடுகிற பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். மைத்துனரை வரும் செவ்வாய்க்கிழமை நானே அழைத்துப் போகிறேன்.