சிதைவுக்காகக் காத்திருப்பது ஏன்?

பழம்பொருளின் வயதைக் கணிக்க கார்பன்-14 அணுவின் சிதைவை எண்ணுவதே நேரடி அளவீடு, முடுக்கி நிறை நிறமாலைமானியில் அணுக்களை எண்ணுவது சுற்றுவழி என்ற வாதம் தலைகீழானது. நாம் அறிய வேண்டியது மாதிரியில் எத்தனை அணுக்கள் மிஞ்சியுள்ளன என்பது. சிதைவு அதற்கான அறிகுறி மட்டுமே, அதுவும் மிக அரிதான அறிகுறி. அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். இக்காலத்திய கார்பன் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 6 கோடி கார்பன்-14 அணுக்கள் இருந்தும், ஒரு நாளில் சிதைபவை சுமார் 20தான். ஒரு சதவீதத் துல்லியத்துக்குத் தேவையான 10,000 சிதைவுகளை எண்ண ஓராண்டுக்கும் மேலாகும். பின்னணிக் கதிர்வீச்சு அதற்குள் கணக்கையே மூழ்கடித்துவிடும். முடுக்கியோ அதே எண்ணிக்கையைச் சில நிமிடங்களில் தருகிறது. 1988இல், இயேசுவின் உடலைப் போர்த்தியதாக நம்பப்படும் டூரின் துணியை அரிசோனா, ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச் ஆய்வகங்கள் தலா 50 மில்லிகிராம் அளவிலான துண்டுகளைக் கொண்டே அளந்தன.

நிறையில் ஒத்த நைட்ரஜன்-14 ஏமாற்றாதா என்பது நியாயமான கேள்வி. நைட்ரஜன் நிலையான எதிர்மின் அயனியாவதில்லை. எனவே தொடக்கத்திலேயே விலகுகிறது. அதே நிறையுள்ள மூலக்கூறுகளை முடுக்கியின் நடுவே எலெக்ட்ரான்களை உரித்து உடைக்கிறார்கள். மாசு சிறு மாதிரியை அதிகம் கெடுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சிறிதளவே போதும் என்பதால்தான் எலும்பிலிருந்து கொலாஜனை மட்டும், குவியலிலிருந்து ஒற்றை நெல்மணியை மட்டும் பிரித்தெடுத்து அளக்க முடிகிறது. கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் கதை வேறு: அரை ஆயுள் 12.3 ஆண்டுகளே, சிதைவுகள் ஏராளம். அங்கே சிதைவு எண்ணியின் வேலை எண்ணிக்கே.