இடம் கேட்கத் தெரியவேண்டும்



பாரோயில் வசிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர், சென்ற பள்ளி விடுமுறையில் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தார். லினக்சு இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் இயங்கும் சாதன இயக்கி ஒன்றை எழுதியிருந்தார். நினைவகம் கேட்கும் இடங்களிலெல்லாம் 'கேமாலொக்', 'ஜிஎப்பி கெர்னல்' என்ற ஒரே கோரிக்கை.

"ஏன்பா எல்லா இடத்திலும் இதையே எழுதினாய்?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க, சார்."

இப்பதில் எனக்குப் புதிதன்று. கட்டுரைக்கு முன்னுரையை மனப்பாடமாக எழுதவைத்து இப்பழக்கத்தை வளர்த்தவர்கள் நாம்தாம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேமாலொக் கேட்பது, ஒரே லயத்தில் அடுத்தடுத்த பத்து வீடுகள். தோட்டம் நிறைந்துவிட்டால் அப்படிக் கிடைப்பது அரிது. 'விமாலொக்' அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து வீடுகளைப் பிடித்து, கிராணியின் பதிவேட்டில் மட்டும் ஒன்றுமுதல் பத்துவரை வரிசையெண் கொடுக்கும். பதிவேட்டை எழுதவும் புரட்டவும் நேரம் செலவாகும். பதிவேட்டைப் பாராமல் தானே வீடு வீடாக நடக்கும் வன்கருவிகளும் உள்ளன. அவற்றுக்கு அடுத்தடுத்த வீடுகளே வேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாதபோது, முதலில் லயத்தில் தேடி, கிடைக்காவிட்டால் பதிவேட்டு முறைக்குப் போகும் 'கேவிமாலொக்' 2017இல் கெர்னலில் சேர்ந்தது.

மாணவரின் பெரும்பிழை வேறு. 'ஜிஎப்பி கெர்னல்' என்றால், "இடம் இல்லையென்றால் காத்திருக்கிறேன்" என்று பொருள். வன்கருவி திடீரென்று குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் நிரலுக்குக் காத்திருக்க உரிமையில்லை, கணினியே உறைந்துபோகலாம். அங்கே 'ஜிஎப்பி அட்டாமிக்' வேண்டும். அது காத்திராது, இடமில்லையேல் வெறுங்கையோடு திரும்பும். அதற்கும் நிரலில் வழி வைக்கவேண்டும். நினைவகம் தாராளமாக இருக்கும் நாளில் இப்பிழை பெரும்பாலும் தலைகாட்டாது என்பதுதான் கொடுமை. "சோதித்தேன், ஓடுது சார்" என்றார். ஓடத்தான் செய்யும்!

இன்னொன்று: கேமாலொக் தருவது துடைக்காத சிலேட்டு. முன்பு எழுதியவரின் எழுத்து அதில் இருக்கலாம். அதில் சிறிதளவே எழுதிவிட்டு முழுச் சிலேட்டையும் பயனர் நிரலிடம் நீட்டினால், பிறருடைய மறைபொருள் வெளியேறிவிடும். துடைத்துத் தருவதற்கு 'கேஇசட்அலொக்' இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் கணினி வகுப்புத் தேடும்போது எத்தனை மொழி கற்பிப்பார்கள் என்று கேட்கிறீர்கள். "இதை ஏன் தேர்ந்தாய்?" என்று அங்கே கேட்பார்களா எனவும் விசாரியுங்கள்.

அன்று மாலை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் மேலே ஒரு வரியில் தமிழிலேயே காரணம் எழுதச் சொன்னேன். இரண்டு இடங்களில் அவரால் எழுத இயலவில்லை. அவ்விரண்டும் குறுக்கீட்டு நிரலுக்குள் இருந்தவை.