சாமைக்கு விலை கிடைத்தால் மலை காலியாகாது

நம்ம ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்துக்காரர்கள் அல்ல. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழகம் முழுக்க இவர்கள் 3,57,980 பேர். மாநிலப் பழங்குடியினரில் ஏறத்தாழ 45 சதவீதம். மானாவாரியாகச் சாமை விதைத்துச் சாப்பிட்ட ஜனங்கள், கட்டுபடியாகாமல் கூலிக்கு இறங்குகிறார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 கூலிகளில் இந்த மலைக்காரர்களும் உண்டு.

பேங்கில் இருந்தவன் சொல்றேன்: கடன் மட்டும் கொடுத்தா ஆள் ஊரில் தங்க மாட்டான், விளைச்சலுக்கு விலை வேணும். அறுவடை முடிஞ்சதும் ஜமுனாமரத்தூர் போங்க. பேரம் பேசாம, நேரடியா சாமை வாங்குங்க. விதைக்கும் நாலு படி எடுத்து வையுங்க. இயற்கை விவசாயம்னு நாம பேசுறதை அவங்க தலைமுறை தலைமுறையா செஞ்சவங்க.