மின்னுவதெல்லாம் ஓடாது

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தீவுப்பகுதியில் எங்காவது பழைய ஹொண்டா சிடி 90 அல்லது பிஎஸ்ஏ கிடந்தால் வாங்கித் தரவேண்டுமாம். யாழ்ப்பாணத்திலேயே வர்ணம் பூசி, குரோம் பிடித்து, 'புத்தம் புதிதாக்கி' அனுப்பவேண்டுமாம். வரவேற்பறையில் கண்ணாடித் தடுப்புக்குள் நிறுத்தப் போகிறாராம். "எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை" என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். அவரைப்போல் எண்ணுபவர்கள் பலர் இருப்பதால், பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

ஓடாத மோட்டார் சைக்கிளைப் பளபளப்பாக்குவது பழுதுபார்ப்பு அன்று. அது பிணத்துக்குச் செய்யும் அலங்காரம். இப்படிச் சொல்வதற்கு எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலத்தில், பள்ளி ஆசிரியராக இருந்த என் தந்தையார் ஒரு சிடி 90 வாங்கினார். வேலணையில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் அது நின்ற காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. 1990இல் தீவை விட்டு நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தபோது அதுவும் எங்களுடன் வந்தது. அந்த ஆண்டுதான் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. குடாநாட்டின் மோட்டார் சைக்கிள்களும் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

அந்த வித்தையை இன்றைய இளைஞர்களுக்கு விளக்கவேண்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எனவே ஒரு சிறு போத்தலில் பொன்னைப்போல் பேணிய பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்போம். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவோம். வெண்புகையும் அந்த வாடையும் தெருவெங்கும் நிறைந்திருக்கும். ஆனால் அதற்கு விலையும் இருந்தது. பெற்றோலுக்கு அமைந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் எரிந்தால் எஞ்சின் தட்டும். பிஸ்ரன் தலையில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். இத்தனையையும் சமாளித்து அந்த இயந்திரங்களை ஓடவைத்தவர்கள் பட்டம் பெற்ற பொறியியலாளர்கள் அல்லர். கராஜ் என்ற பெயரில் ஓலைக்கொட்டில் போட்டிருந்த மெக்கானிக்குகள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அந்த மோட்டார் சைக்கிளில் எவரும் ஏறவில்லை. அதன் மேல் அரிசிச் சாக்கையும் அம்மாவின் தையல் இயந்திரத்தையும் கட்டி, அப்பாவும் நானும் தள்ளிக்கொண்டே தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோதும் அது கூடவே வந்தது. அப்பாவின் மறைவுக்குப் பின் வேலணை வீட்டுக் கொட்டிலில் பல ஆண்டுகள் உறங்கியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலை மேலே மேலே போயிற்று. அப்போதுதான் அப்பாவின் வண்டியை ஓடவைக்கும் எண்ணம் எனக்கு வந்தது. நகரத்துக் கராஜ் ஒன்றில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். மூன்று மாதம் கழித்து மணமகன்போல் மின்னிக்கொண்டு வந்தது வண்டி. புதிய வர்ணம், புதிய இருக்கை, கண்ணைக் கூசவைக்கும் குரோம். ஆனால் பண்ணைத் தாம்போதியில் சோளகக் காற்று எதிரே வீசியபோது, ஒருவரை மட்டும் சுமந்தும் அதனால் முன்னேற முடியவில்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டேன். "ஐயா, எஞ்சின் செத்துப்போச்சு. வேற எஞ்சின் ஒண்டு போடுவம்" என்றார்கள். நான் கொடுத்த காசில் பெரும் பகுதி வர்ணத்துக்குப் போயிருந்தது. எஞ்சினின் ஓர் ஆணியைக்கூட எவரும் கழற்றிப் பார்க்கவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊரில் ஓய்ந்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். கிக்கரை ஒருமுறை கையால் அழுத்தினார். எதிர்ப்பே இல்லை. "தம்பி, இது சாகேல்லை. இதுக்கு ஆரோ வைத்தியம் செய்திருக்கினம். கழட்டிப் பாப்பம்" என்றார். வீட்டு விறாந்தையில் சாக்கு விரித்துச் சிலிண்டரைக் கழற்றினோம். அதன் அடியில், இரண்டு காகிதக் கஸ்கெற்றுகளுக்கு நடுவே, கையால் வெட்டி அரத்தால் தேய்த்த அலுமினியத் தகடு ஒன்று இருந்தது.

மண்ணெண்ணெய்க்காலத்து வைத்தியம் அது. சிலிண்டரைச் சற்று உயர்த்தி அமுக்கத்தைக் குறைத்தால் எஞ்சின் தட்டாது. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே மேலைநாடுகளில் செய்யப்பட்ட பழைய உழவு இயந்திரங்களும் குறைந்த அமுக்கத்துடன்தான் அமைக்கப்பட்டன. அந்த அறிவை ஒரு யாழ்ப்பாணத்துக் கொட்டிலில் யாரோ ஒருவர் ஒரு தகட்டுத் துண்டில் வெட்டி வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுகளாக அந்த எஞ்சினுக்குள் எங்கள் வரலாறு உட்கார்ந்திருந்தது. வர்ணம் பூசியவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் சொன்ன வழியில் எஞ்சினை மாற்றியிருந்தால், அந்தத் தகடு பழைய இரும்புக் கடையில் நிறைக்கு விலைபோயிருக்கும்.

தகட்டை எடுத்தோம். சரியான கஸ்கெற் ஒன்றை மட்டும் வைத்தோம். பிஸ்ரன் தலையின் கரியை மரச்சீவலால் சுரண்டினோம். புது றிங்குகள் போட்டோம். மற்றவை எல்லாம் எவரும் வீட்டில் செய்யக்கூடியவை. வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மி.மீ. பொயின்ற் முகங்களைத் தேய்த்துத் துடைத்து, 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இடைவெளி. சக்கரத்தில் 'எஃப்' என்ற குறி நேர்க்கோட்டுக்கு வரும் கணத்தில் பொயின்ற் திறக்கவேண்டும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. காபரேற்றரின் ஜெற்றுகளைக் கம்பியால் குத்தாமல் காற்றால் ஊதவேண்டும். குத்தினால் துளை பெருத்துவிடும். உப்புக்காற்றுத் தின்ற பெற்றோல் தாங்கியில் வினாகிரியை ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, நன்றாக உலர்த்தவேண்டும். உலர்ந்த உடனேயே உள்ளே சிறிது ஒயிலைச் சுழற்றாவிட்டால், எங்கள் கடற்கரையில் மறுநாளே துரு திரும்பிவிடும்.

இவற்றுக்கெல்லாம் ஆன செலவு, குரோமுக்குக் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. நான்காவது உதையில் எஞ்சின் பிடித்தது.

2022 நடுப்பகுதி அது. பெற்றோல் நிலையங்களின் முன்னே நாள்கணக்கில் வரிசைகள் நின்றன. யூலையில் கியூஆர் அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று அளந்தார்கள். அந்த நான்கு லீற்றரில் ஒரு வாரம் முழுதும் வேலணையிலிருந்து நகருக்குப் போய்வந்தேன். கண்ணாடித் தடுப்புக்குள் நின்றிருந்தால் அந்த வண்டி யாருக்கு உதவியிருக்கும்?

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். புதிய வண்டிகளின் தடுப்பு நல்லது, புகை குறைவு என்பார்கள். உண்மை. நாள்தோறும் ஐம்பது கிலோமீற்றர் விரைந்து போகவேண்டிய இளைஞர் புதியதையே வாங்கட்டும். எல்லோரும் பழையதில் ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை. உதிரிப்பாகம் கிடைக்காது என்பார்கள். அது பாதி உண்மை. ஹொண்டாவின் சூப்பர் கப் வரிசை 1958இல் தொடங்கி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. சிடி 90இன் எஞ்சினும் அந்தப் படுக்கைச் சிலிண்டர் வம்சத்தைச் சேர்ந்ததுதான். தேடினால் கிடைக்கும். கிடைக்காதது பாகம் அன்று, பொறுமை.

இன்னொரு வாதம்தான் என்னைச் சினங்கொள்ள வைக்கிறது. "அதெல்லாம் இல்லாமையின் வித்தை. இப்போது எதற்கு?" என்கிறார்கள். இல்லாமை போய்விட்டதென்று இவர்களுக்கு யார் சொன்னது? 1990இல் வந்தது, 2022இல் வேறு முகத்தோடு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு சட்டப் பணிப்புரை இயற்றியிருக்கிறது. வளம் கொழிக்கும் நாடுகள் சட்டம் போட்டு மீட்க முயலும் ஒன்றை, கைக்குள் வைத்திருந்த நாங்கள் அவமானமென்று உதறுகிறோம். நெடுந்தீவுக்கு ஒரு சிறு ஆணி தேவையென்றாலும் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் படகில் போகவேண்டும். அங்குள்ளவருக்குப் பழுதுபார்க்கத் தெரிவது பொழுதுபோக்கு அன்று, அன்றாட வாழ்வு.

அந்த முதியவரிடம் கற்றுக்கொள்ள இன்று எவரும் வருவதில்லை. அவர் பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். அவர் கைகள் அறிந்தவை எந்த நூலிலும் இல்லை. புலம்பெயர்ந்த நாங்களும் நீங்களும் பழைய வண்டிகளுக்குக் கொட்டும் காசு குரோம் பூசுபவரிடம் போகிறது. அமுக்கத்தைக் கையால் உணர்ந்து சொல்பவரிடம் போவதில்லை. நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அந்தத் தொழில்தான் ஊரில் மிஞ்சும்.

எனவே நண்பரே, உங்களுக்கு வண்டி தேடித் தருகிறேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, எஞ்சின் ஓடிய பிறகே வர்ணம். அந்த வேலைக்கு ஊர் மெக்கானிக்குக்கு உரிய கூலி கொடுக்கவேண்டும். அவர் அருகில் ஓர் இளைஞன் இருந்து பழகுவதற்கும் நீங்களே கொடுக்கவேண்டும். இரண்டாவது, அது ரொறன்ரோவுக்கு வராது. புங்குடுதீவில் உங்கள் சகோதரியின் மகன் அதை ஓட்டட்டும். நீங்கள் கோடை விடுமுறைக்கு வரும்போது வாணர் தாம்போதியில் காற்றுக்கெதிரே ஓட்டிப் பாருங்கள்.

சம்மதமில்லையென்றால் சொல்லிவிடுங்கள். அந்த அலுமினியத் தகட்டை ஒரு சிறு பெட்டியில் வைத்திருக்கிறேன். வரவேற்பறைக்கு ஏதாவது வேண்டுமென்றால் அதைப் படம்பிடித்து அனுப்புகிறேன். வண்டி எனக்கு நாளைக் காலை வேண்டும்.