பேர் எழுதாத கட்டம், பேர் எழுதாத டியூப் மாதிரி

1/ தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சு தெரியுமா மக்களே? 1928ல் இங்க தொடங்கின காசநோய் சானடோரியத்தால. அதனால காசநோயையே வச்சு ஒரு கணக்கு சொல்றேன்.

2/ புது சளிப் பரிசோதனை ஒண்ணு வருதுன்னு வச்சுக்கோங்க. 200 பேருக்குச் செய்யறோம். நோய் உள்ளவங்க 50 பேர். 45 பேருக்கு பாசிட்டிவ், 5 பேருக்கு நெகட்டிவ். நோய் இல்லாதவங்க 150 பேர். 15 பேருக்குத் தப்பா பாசிட்டிவ், 135 பேருக்கு நெகட்டிவ். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

3/ பேப்பர்ல மேல் வரிசை பாசிட்டிவ்: 45, 15. கீழ் வரிசை நெகட்டிவ்: 5, 135. இதே வரிசையில 'ஆர்' என்கிற இலவச புள்ளியியல் மொழிக்கு மேட்ரிக்ஸா கொடுத்தா, நாம வேற மாதிரி சொல்லாத வரைக்கும் அது மேலிருந்து கீழா நிரப்பும். 15ம் 5ம் இடம் மாறிடும்.

4/ நோயாளிகள்ல எத்தனை பேரை டெஸ்ட் கண்டுபிடிக்குது? 50க்கு 45, அதாவது 90%. இடம் மாறின கட்டத்துல 60க்கு 45, வெறும் 75%!

5/ எர்ரர் வராது. கை-ஸ்கொயர் போட்டாலும் ரெண்டு கட்டத்துக்கும் பி வேல்யூ ஒண்ணுதான். அதை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்தேன். நைட் டியூட்டி முடிஞ்சு போட்ட கணக்கு. மறுநாள் கட்டத்தைத் திரையில பிரிண்ட் பண்ணிப் பார்த்தப்பதான் புரிஞ்சது.

6/ பேர் வைக்கலேன்னா 'ஆர்' வெறும் [1,] [2,]னுதான் காட்டும். பேர் எழுதாத ரத்த டியூபை லேப்ல வாங்குவாங்களா? வரிசைக்கும் பத்திக்கும் பேர் வைங்க, பிரிண்ட் பண்ணுங்க, கூட்டிப் பாருங்க. 'நோய் உண்டு' பத்தியில 50 வரணும். 60 வந்தா நிறுத்துங்க. ஆராய்ச்சி செய்யற ஜூனியர்களுக்கு நான் சொல்றது இதுதான்: கட்டத்தைக் கண்ணால பார்க்காம முடிவை எழுதாதீங்க.

7/ "நமக்கென்ன டாக்டர்?"னு கேட்கலாம். "90% துல்லியமான டெஸ்ட்"னு யாராவது சொன்னா, நீங்க திருப்பிக் கேளுங்க: நோய் உள்ளவங்கள்ல 90 பேரைக் கண்டுபிடிக்குமா, இல்ல பாசிட்டிவ் வந்தவங்கள்ல 90 பேருக்கு நிஜமாவே நோயா? நம்ம உதாரணத்துல முதல் கேள்விக்கு 90%, ரெண்டாவதுக்கு 75%. ரெண்டும் வேற வேற.

8/ அந்த விட்டுப்போன 5 பேர்ல ஒருத்தர் நம்ம வீட்டு ஆளா இருக்கலாம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அரசு மருத்துவமனைக்கு வாங்க. சளிப் பரிசோதனை இலவசம்.